அண்ணாச்சியிடம் யார் போய்ச் சொல்வது? தலைமைக்கு வருபவருக்கு கோச்சிங் வைப்பது பற்றி

கேள்வி: சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ரைஸ் மில், நான்கு லாரி, திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த அரிசிக் கடை இருக்கிறது. அப்பாவுக்கு முடியவில்லை என்பதால் தை முதல் பெரியப்பா மகன் (41 வயது) முழுப் பொறுப்பையும் எடுக்கிறார். ஆள் கெட்டிக்காரர், உழைப்பாளி. ஆனால் நிதானம் போதாது, யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எக்ஸிக்யூட்டிவ் கோச்சிங் (பொறுப்பில் இருப்பவரோடு தனியாக உட்கார்ந்து பேசிப் பழக்குவது) வைத்தால் விவேகம் வரும் என்கிறார்கள். வருமா? எத்தனை மாதம், எப்படி நடத்த வேண்டும், எதில் ஏமாறுவோம்?

பதில்:

வரும். ஆனால் புத்திமதி சொல்லி வராது. உங்கள் அண்ணனுக்குப் புத்திமதிக்கா பஞ்சம்? கல்யாண வீட்டிலும் துட்டி வீட்டிலும் நாலு பெரியவர்கள் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருப்பார்கள். கோச் தர வேண்டியது வேறு. அண்ணன் எடுக்கிற முடிவுகளை, எடுப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும், அவர் கண்ணாலேயே பார்க்க வைப்பது. அந்த முடிவில் கோச்சுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, அண்ணனிடம் பயமும் இல்லை என்பதுதான் அவருடைய ஒரே மூலதனம். இது நடக்காத கோச்சிங்கை, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், காசு கொடுத்துப் பேச்சுத்துணை வைத்துக்கொண்டதாகத்தான் கணக்கில் எழுத வேண்டும்.

விவேகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பால் பால்ட்டஸ் குழுவினர் இதை ஆராய்ந்தபோது, ஆட்களிடம் ஒரு வாழ்க்கைச் சிக்கலைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஐந்து விஷயங்களைப் பார்த்து மதிப்பிட்டார்கள்: விஷய ஞானம், காரியத்தை நடத்தத் தெரிவது, ஆளின் வயதையும் சூழலையும் கணக்கில் எடுப்பது, மற்றவர் மதிக்கிற விஷயம் நம்முடையதைப் போல இருக்காது என்று உணர்வது, உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்று வைத்தே காரியம் பார்ப்பது. உங்கள் அண்ணனுக்கு முதல் இரண்டும் நிறைய இருக்கும். கோச்சிங்குக்கு வேலை பின் மூன்றில்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1998-ல் வைத்த கோட்பாடு முதலாளிமாருக்கு இன்னும் நெருக்கமானது. தன் நலன், அடுத்தவர் நலன், இரண்டுக்கும் வெளியே இருக்கிற ஊர் நலன், இந்த மூன்றையும் இன்றைக்கும் நாளைக்கும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பதுதான் விவேகம் என்கிறார். புழுங்கலுக்கு நெல் ஊறவைத்த தண்ணீரை எங்கே விடுவது என்ற ஒரு கேள்வியை எடுத்தாலே மூன்றும் வந்துவிடும். வாய்க்காலில் விட்டால் இன்றைக்குச் செலவில்லை. கீழ்மடைக்காரர் வயலுக்கு என்ன ஆகும், அதே ஆள் அடுத்த பிசானப் பருவ நெல் அறுவடையில் யார் மில்லுக்கு நெல் கொண்டுபோவார், பத்து வருஷம் கழித்து உங்கள் பெயர் அந்த ஊரில் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு குழாயில் இருக்கிறது.

முதல் வேலை ஒப்பந்தம். இதில் நீங்கள் முன்னால் நிற்கக் கூடாது. நீங்கள் தம்பி முறை. தம்பி ஏற்பாடு செய்த கோச் என்றால், "என்னைத் திருத்த இவன் ஆள் வைக்கிறானா" என்பதில் பாதி உறவு போகும். அப்பா அழைத்து, "பெரிய பொறுப்பு, கூட ஒரு ஆள் இருக்கட்டும்" என்று சொல்வதுதான் முறை. அப்பா, அண்ணன், கோச் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த இரண்டு அல்லது மூன்று விஷயத்தில் மாற்றம் வேண்டும், எத்தனை அமர்வு, கோச் அப்பாவிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது. சொல்லலாம் என்பதில் அமர்வு நடந்ததா, எழுதிக்கொண்ட குறிக்கோள் எந்த நிலையில் இருக்கிறது, இவ்வளவுதான். உள்ளே பேசியது வெளியே வரக் கூடாது; உயிருக்கு ஆபத்து, சட்ட விரோதம் இரண்டு மட்டும் விதிவிலக்கு. இந்தத் தாள் இல்லாமல் ஆரம்பித்தால் மூன்றாம் மாதம் அப்பா போன் போட்டு, "பய என்ன சொல்லுதான்?" என்று கேட்பார். கோச் ஒரு வார்த்தை சொன்னாலும் தீர்ந்தது, அதன்பின் அண்ணன் வாயிலிருந்து உண்மை வராது.

காலம் எட்டு மாதம் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு அமர்வு, 75 முதல் 90 நிமிடம். முதல் மூன்று மாதம் இதே வேகம், பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் மொத்தம் 13, 14 அமர்வு வரும். ஒரு பிசான அறுவடையும் ஒரு மந்தக் காலமும் அதற்குள் வந்துவிட்டால் நல்லது. நெருக்கடியில் எடுக்கும் முடிவும் ஓய்வில் எடுக்கும் முடிவும் ஒரே ஆளுடையவை போலவே இருக்காது. இடம் மில் ஆபீஸ் வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடைச்சீட்டோடு ஆள் வருவான். பாளையங்கோட்டையில் அமைதியான ஒரு அறை போதும். சாரல் நேரத்தில் குற்றாலத்தில் ரூம் போட்டு நடத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

முதல் மாதத்தில் கோச், அண்ணனைச் சுற்றி இருப்பவர்கள் எட்டுப் பத்துப் பேரிடம் தனித்தனியாகப் பேச வேண்டும்: கணக்கப்பிள்ளை, மில் மேஸ்திரி, ஒரு டிரைவர், கடையில் இருப்பவர், நெல் புரோக்கர், பேங்கில் பழக்கமானவர், வீட்டில் ஒருவர். பெரிய கம்பெனிகளில் இதைப் படிவம் கொடுத்து 360 டிகிரி என்று செய்வார்கள். பத்துப் பேர் உள்ள இடத்தில் படிவம் செல்லாது. எழுத்தை வைத்து, சொல்லை வைத்து யார் எழுதியது என்று அண்ணன் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். தெரிந்துவிடும் என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் எல்லாருமே "மிக நன்று" என்று டிக் அடிப்பார்கள். நேரில் கேட்டாலும், "அண்ணாச்சி எப்படி?" என்று கேட்டால் "அண்ணாச்சி செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்ற பதில்தான் வரும். கேட்க வேண்டியது இவை: கடைசியாக அவர் ஒரு முடிவை மாற்றியது எப்போது, யார் சொல்லி? அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன? கெட்டது ஒன்று மில்லில் நடந்தால் அவர் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், யார் வழியாகப் போகும்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. பாய்லர் பழுது மறுநாள் தெரிகிறது, லாரி இடித்தது மூன்றாம் நாள் தெரிகிறது, கடையில் பாக்கி நின்றது வருஷக் கணக்கில்தான் தெரிகிறது என்றால், அண்ணன் மூளையில் குறையில்லை. அவருக்கு வந்து சேரும் தகவலில் குறை. "சொன்னா கேக்கவா போறாரு, நமக்கெதுக்கு வம்பு" என்று கீழே இருக்கிறவர்கள் ஒதுங்கிப் பழகிவிட்டார்கள். உங்கள் கேள்வியில் "காதில் போட்டுக்கொள்ள மாட்டார்" என்று எழுதியிருப்பதன் மறுபக்கம் இது. கோச்சின் பாதி வேலை அறைக்குள் என்றால், மறுபாதி இந்த வழியைத் திறப்பது. நம் பக்கத்துக் குடும்பத் தொழில்களில் பெரும்பாலும் இந்த மறுபாதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சேகரித்ததை அண்ணனிடம் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறைநிறை சொல்வது சராசரியாக வேலையை மேம்படுத்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சமயங்களில் வேலை மோசமாகத்தான் ஆகியிருந்தது. கவனம் செய்த வேலையை விட்டு "நான் எப்படிப்பட்ட ஆள்" என்பதற்குத் தாவினால் கேடு என்பது அவர்கள் கணிப்பு. ஆகவே "உங்களுக்குப் பொறுமை இல்லையாம்" என்று சொல்லக் கூடாது. "லாரி இடித்த விஷயம் மூன்றாம் நாள்தான் உங்களிடம் வந்தது, முதல் நாளே வர என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். நாலு பேர் சொன்னதை ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் எதையும் வாயில் எடுக்க வேண்டும்; ஒருவர் மட்டும் சொன்னதை எவ்வளவு முக்கியமானாலும் அப்படியே சொல்லக் கூடாது.

இனி முடிவு நோட்டு. என் கணிப்பில் மொத்தக் கோச்சிங்கிலும் விலைமதிப்பு இதற்குத்தான். சாதாரண 80 பக்க நோட்டு. மாதம் மூன்று முடிவு போதும், பெரியவை மட்டும். முடிவு எடுத்த அன்றே, பத்து நிமிடத்தில், ஆறு வரி: என்ன முடிவு; வேறு என்ன வழி இருந்தது, ஏன் தள்ளினேன்; என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள், நூற்றுக்கு எத்தனை நம்பிக்கை; இதனால் யாருக்குக் கஷ்டம்; எதைக் கண்டால் மாற்றிக்கொள்வேன்; எழுதும்போது என் மனசு எப்படி இருந்தது.

ஒரு மாதிரி பார்ப்போம். பிசான அறுவடை, மழை தூறல். புரோக்கர் பத்து டன் ஈர நெல் கொண்டுவருகிறார். மீட்டரில் ஈரம் 20 சதவீதம். காய்ந்த நெல் கிலோ 24 ரூபாய், இது 22. அண்ணன் நோட்டில், "வாங்கியாச்சு. 20,000 ரூபாய் மிச்சம். நம்பிக்கை 90" என்று எழுதுகிறார். அடுத்த அமர்வில் கோச் எதுவும் சொல்வதில்லை, கணக்கை அண்ணன் கையாலேயே போட வைக்கிறார். 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ, காய்ந்து 14-க்கு வரும்போது 93 கிலோ. பத்து டன் 9,300 கிலோ ஆகிறது. காய்ந்த நெல்லாக அதை வாங்கியிருந்தால் 2,23,200 ரூபாய், கொடுத்தது 2,20,000. மிச்சம் 20,000 அல்ல, 3,200. அதற்குள் காயப்போட்ட கூலி அடங்க வேண்டும். ஊறப்போடத் தொட்டி காலியில்லாமல் இரண்டு நாள் சாக்கிலேயே கிடந்து சூடேறி, அரிசி மஞ்சளித்திருந்தால் அதுவும் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கு அண்ணனுக்குத் தெரியாதா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அப்புறம் ஏன் வாங்கினார்? விடை ஆறாவது வரியில் இருக்கும், எழுதியிருந்தால்: "புரோக்கர் சித்தப்பா காலத்து ஆளு, லோடு வாசல்ல நிக்குது, முகத்தை முறிக்க முடியலை." விலையைப் பார்த்து எடுத்த முடிவே இல்லை அது, முகதாட்சண்யத்துக்கு எடுத்துவிட்டு விலையைக் காரணமாகச் சொல்லிக்கொண்டது. இப்படி இரண்டு மூன்று பதிவு சேர்ந்ததும், எந்த ஆள் முன்னால், எந்த நேரத்தில், எந்த மனநிலையில் தன் கணக்கு கோணுகிறது என்று அவருக்கே தெரிய ஆரம்பிக்கும். பிறகு தீர்வும் அவர் வாயிலிருந்தே வரும். 17-க்கு மேல் ஒவ்வொரு புள்ளி ஈரத்துக்கும் இத்தனை கிலோ கழிவு என்று எடைமேடைப் பக்கத்தில் போர்டு வைத்துவிட்டால், முகத்தை முறிப்பது போர்டின் வேலை.

நம்பிக்கைச் சதவீதத்தை அன்றே எழுதுவதற்குக் காரணம் உண்டு. விளைவு தெரிந்த பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு தன் நினைவைத் திருத்திக்கொள்ளும். 1975-ல் உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் இதைச் சோதனையில் காட்டினார். தாளில் மையால் எழுதியதை மனசு திருத்த முடியாது. இந்த நோய் எவ்வளவு ஆழம் என்று அண்ணனுக்குக் காட்ட, நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வந்த 2023 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம். 17-ந்தேதி காலையில் ஆற்றிலும் வானத்திலும் தனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை மட்டும் ஒரு பக்கம் எழுதச் சொல்ல வேண்டும். 18-ந்தேதி தெரிந்தது எதுவும் உள்ளே வரக் கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டும் என்று அன்று காலை நம் ஊரில் யார் நினைத்தார்கள்? எழுதுகிறவர் பத்து நிமிடத்துக்குள் மாட்டிக்கொள்வார். பின்னால் தெரிந்ததெல்லாம் பேனாவில் தானாக வந்து நிற்கும். மூட்டையை மேலே ஏற்றாமல் விட்டதற்காக அன்று மேஸ்திரியைத் திட்டியிருந்தால், அந்தத் திட்டு நியாயம்தானா என்பதும் அப்போது தெரியும்.

அடுத்தது, தன் சிக்கலை அடுத்தவர் சிக்கலாகப் பார்ப்பது. உளவியலாளர்கள் ஈகோர் கிராஸ்மன், ஈதன் க்ராஸ் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் தன் பிரச்சினையை விட நண்பனின் பிரச்சினையில் நிதானமாக யோசித்தார்கள். தன்னையே வெளியாளாக வைத்து யோசிக்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இளைஞர்கள், முதியவர்கள் இரு தரப்பிலும் இது ஒன்றுபோலவே இருந்தது. வயதானால் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செய்முறை எளிது: "வீரவநல்லூரில் ஒரு மில் வைத்திருக்கும் தம்பி இதே பிரச்சினையோடு உங்களிடம் வருகிறார், என்ன கேட்பீர்கள்?" என்று ஆரம்பித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பேச வைப்பது. "என்ன சொல்வீர்கள்" என்று கேட்டால் பிரசங்கம் வரும்; "என்ன கேட்பீர்கள்" என்றால்தான் தனக்கு இன்னும் தெரியாதது எது என்று தெரியும்.

இரண்டாவது மில், புது லாரி, மகளைக் கணக்கில் உட்கார வைப்பது போன்ற பெரிய முடிவுக்கு முன்னால் உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிப் பரவலாக்கிய முறையைக் கையாளலாம். ஐந்தாறு பேரை உட்கார வைத்து, "ஒரு வருஷம் ஆச்சு, காரியம் படுத்துவிட்டது. ஏன்?" என்று கேட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் எழுத வைப்பது. நம் பக்கத்துக்கு இரண்டு கூடுதல் விதி தேவை. வேலையில் இளையவர் முதலில் வாசிக்க வேண்டும், அண்ணன் கடைசியில் வாய் திறக்க வேண்டும். அவர் முதலில் பேசினால் மீதி ஐந்து தாளிலும் அவர் சொன்னதேதான் இருக்கும். அன்று யார் என்ன எழுதினாலும் ஒரு வாரத்துக்கு அதை வைத்துக் கிண்டல்கூடக் கூடாது. ஒரு தடவை "நீதானே படுத்துரும்னு எழுதினவன்" என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை வெற்றுத்தாள்தான் வரும்.

கோச் பக்கம் சறுக்கும் இடம் ஒன்று. கொஞ்சம் நரைத்த ஆளாக இருந்தால் அண்ணன், "நீங்களே சொல்லுங்க சார், நீங்க பாக்காததா" என்பார். மரியாதையாகத் தோன்றும், பொறுப்பைக் கைமாற்றுகிற வேலை அது. ஜிஎஸ்டி தேதி, சட்ட விவரம் போன்ற தகவலைச் சொல்லலாம். தீர்ப்பைச் சொல்லக் கூடாது. "முதலில் உங்கள் மனசில் ஓடுவது என்ன, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை" என்று கேட்டுவிட்டு ஏழெட்டு நொடி வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். அந்த ஏழெட்டு நொடியைத் தாங்க முடியாமல் தானே பேசிவிடுபவர்களே அதிகம்.

இன்னொரு கெடுதல் நான்காம் மாதம் வாக்கில் தலைகாட்டும். அண்ணன் பேச்சு அழகாகும், "எல்லாக் கோணமும் பார்க்கணும்" என்பார், ஆனால் எந்த முடிவும் நகராது. தயக்கத்தை நிதானம் என்று நினைத்துக்கொள்வதால் வருவது இது. பிறகு திரும்ப மாற்றிக்கொள்ளக் கூடிய முடிவு (ஒரு வாரத்து விலை, ஷிப்ட் மாற்றம்) அன்றே எடுக்கப்பட வேண்டும்; மாற்ற முடியாதது (ஆளை நிறுத்துவது, நிலம், பெரிய கடன்) இரண்டு இரவு தாண்ட வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் இது பெரும்பாலும் வராது. தூக்கம் வராமை, குடி, எதிலும் பிடிப்பில்லாமல் போவது தெரிந்தால் அது கோச்சின் வேலை இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) அதற்குப் பிரிவு உண்டு.

கோச்சைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சுருக்கமாக. 1995-ல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பின் மூன்று படிச் சான்றுகளைப் பலர் காட்டுவார்கள். ஏசிசி என்றால் 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும்; பிசிசி என்றால் 125 மணியும் 500 மணியும்; எம்சிசி என்றால் 200 மணியும் 2,500 மணியும். மணி நேரத்தோடு தேர்வும் மதிப்பீடும் அதில் உண்டு, ஆனால் உங்கள் அண்ணனுக்குப் பொருந்துவார் என்பதற்கு அது சான்று ஆகாது. அண்ணன் கோபப்படுகிற மொழியிலேயே, அதாவது நம் தமிழிலேயே, அமர்வு நடத்தத் தெரிந்தவரா என்பது எனக்கு அதைவிடப் பெரிது. இங்கிலீஷில் பேசினால் எல்லாரும் பதவிசாகிவிடுகிறார்கள். உங்கள் ஆடிட்டர், சொந்தக்காரர், மில்லுக்கு மெஷின் விற்றவர் யாரும் கோச்சாக வேண்டாம். "எந்த வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். எதையும் அனுப்பாதவர் என்றால் யோசியுங்கள்.

பலனை அளக்க விவேகத் தேர்வு என்று விற்கப்படும் கேள்வித்தாளை நம்பாதீர்கள். தன்னைத் தானே மதிப்பிடச் சொல்கிற கேள்வித்தாள் என்றால், தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவருக்கும் அதில் மார்க் அதிகம் வரலாம். எட்டாம் மாதம் அதே பத்துப் பேரிடம் அதே மூன்று கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். கெட்ட செய்தி மூன்று நாளிலிருந்து அன்றைக்கே வரத் தொடங்கியதா? மேஸ்திரி சொல்லி ஒரு முடிவாவது மாறியதா? நோட்டில் 90 என்று எழுதியவற்றில் பத்துக்கு ஒன்பது பலித்ததா, ஐந்தா?

ஒப்பந்தத்தில் இன்னொன்றும் சேருங்கள். மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாமல், மூன்று அமர்வுக்கு ஒருமுறை கொடுப்பதாக எழுதுங்கள். மூன்றாவது அமர்வு முடியும்போது நோட்டில் ஒரு பதிவுகூட இல்லை என்றால், அண்ணனுக்கு இதில் விருப்பமில்லை அல்லது கோச்சுக்கு வற்புறுத்தத் தெரியவில்லை. எதுவானாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, கார் பருவ நெல் அறுவடை முடிந்த பிறகு வேறு ஆளை வைத்துத் திரும்ப ஆரம்பிக்கலாம்.